சி, முக்காற்புள்ளி, சாய்கோடு, அம்பு

எங்கள் துறையின் பயிற்சி நிலையத்தில் இருக்கும் கணினி இருபத்திரண்டு வருடங்களாக ஒரு வேலையும் செய்ததில்லை. இதை யாரும் குறையாகச் சொன்னதில்லை. இதுவரை ஒரு புகார்கூட வராத ஒரே இயந்திரம் என்று இயக்குநர் ஒவ்வொரு ஆண்டறிக்கையிலும் அதைப் பாராட்டி எழுதுவார்.

நான் குடிநீர்த் துறையில் தண்ணீர் பரிசோதிப்பவள். கண்ணாடிக் குழாயில் தண்ணீரைப் பிடித்து, மருந்தைச் சொட்டுவிட்டு, என்ன நிறம் வருகிறதோ அதற்குரிய எண்ணைப் பதிவேட்டில் எழுத வேண்டும். பதினாறு வருடமாக எழுதுகிறேன். வராத நிறத்தை வந்ததாக ஒருநாளும் எழுதியதில்லை. அந்தப் பெருமை எனக்கு உண்டு, அதனால் சம்பளம் ஒன்றும் கூடவில்லை.

என் கணவருக்கு எட்டு மணி நேரப் பேருந்துத் தூரத்தில் இன்னொரு ஊரில் தையல் கடை. ஏழு வயது மகள் அவரோடு இருக்கிறாள். என்னை இந்த ஊருக்கு மாற்றி மூன்று வருடம் ஆகிறது. அந்த ஊர் நீரேற்று நிலையத்தில் பரிசோதகர் இடம் ஒன்று காலியானது. மாதக் கடைசிக்குள் நான் போய்ச் சேர்ந்தால் எனக்கு, இல்லாவிட்டால் பட்டியலில் அடுத்தவருக்கு. அடுத்தவருக்கு ஓய்வு பெற இன்னும் பதினோரு வருடம் இருந்தது. விசாரித்துவிட்டேன்.

இடமாறுதல் கேட்பவர்கள் அடிப்படைக் கணினிச் சான்று பெற்றிருக்க வேண்டும் என்பது விதி. அந்த விதி எழுதப்பட்ட காலத்தில் கணினி என்றால் கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. படம் கிடையாது, சுட்டி கிடையாது. கட்டளையை நாமே தட்டச்சு செய்ய வேண்டும், அது செய்யும். உலகம் அதை மறந்து வெகுகாலம் ஆகிவிட்டது. நான்கூடத் தண்ணீர் அளவைக் கைப்பேசியில்தான் அனுப்புகிறேன். ஆனால் விதி அந்தக் கறுப்புத் திரையின் பெயரைச் சொல்லி எழுதப்பட்டிருந்ததால், துறைக்கு வேறு கணினி கணினியாகத் தெரியவில்லை.

பயிற்சி பன்னிரண்டு நாள். அதில் பதினோரு நாள் இயந்திரத்தைத் தொடாமல் கற்க வேண்டும். அது கூடத்தின் முன்பக்கம் ஒரு மேடைமேல், கருநீல வெல்வெட் உறைக்குள் இருந்தது. நாங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். உறையைக் கழற்ற ஒரு தனி ஊழியர் இருந்தார். உறைக் காப்பாளர் என்பது பதவியின் பெயர். தூசி துடைக்கச் சேர்ந்தவர், இரண்டு முறை பதவி உயர்வு பெற்று, இப்போது தூசி துடைப்பதில்லை.

பயிற்றுநர் ஒரு பழைய கையேட்டை வைத்துப் பாடம் நடத்தினார். கையேட்டின் மாதிரிக் கட்டளைகள் எல்லாமே நான்கு குறிகளோடு தொடங்கின. சி என்ற எழுத்து, முக்காற்புள்ளி, ஒரு சாய்கோடு, வலப்பக்கம் பார்க்கும் ஓர் அம்பு. அதற்குப் பிறகுதான் கட்டளை. இதற்கு விளிப்பு வரி என்று பெயர் வைத்திருந்தார்கள். தினமும் காலையில் எழுந்து நின்று சொல்ல வேண்டும்.

"சீ! முக்காற்புள்ளி! சாய்கோடு! அம்பு!"

முதல் மூன்று நாள் இதுதான் பாடம். என் பக்கத்தில் இருந்த குழாய் பொருத்துபவர் ஐம்பது வயதுக்காரர், அதற்கு முந்தைய இரண்டு பயிற்சியிலும் சாய்கோட்டில் தேறாதவர். கோட்டை எந்தப் பக்கம் சாய்ப்பது என்று உள்ளங்கையில் வரைந்து வைத்திருந்தார். வேர்வையில் அது மதியத்துக்குள் நிமிர்ந்து நின்றுவிடும்.

நாலாம் நாள் நான் வாயைக் கொடுத்தேன்.

"சார், இந்த நாலு குறியையும் நாமதான் அடிக்கணுமா?"

"பின்ன? உங்க வீட்டுக்காரரா வந்து அடிப்பாரு?" என்றார் பயிற்றுநர். கூடம் சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் அவருக்கே ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும். இயக்குநருக்குத் தகவல் போய், இயக்குநரே நேரில் வந்துவிட்டார்.

"யாரோ ஒரு அம்மா கேட்டாங்களாம், விளிப்பு வரிய நாம ஏன் அடிக்கணும்னு" என்று தொடங்கினார். "நல்ல கேள்வி. இனிமே கேக்காதீங்க. ஒரு ஆபீஸ்ல யாரு முதல்ல பேசணும்? அதிகாரி பேசணும். ஊழியர் காத்திருக்கணும். கூப்பிடாம தானா வந்து 'நான் தயார் சார்'னு நிக்கிற ஊழியர நான் என் சர்வீஸ்ல நம்புனதே இல்ல. அவனுக்கு ஏதோ வேண்டியிருக்கும். இந்த இயந்திரம் நம்ம கடைசி நிலை ஊழியர். நாம கூப்பிட்டாத்தான் அது நிமிரணும். அது நம்மளக் கூப்பிட ஆரம்பிச்சா, அப்புறம் நமக்கு எதுக்கு ஆபீஸ்?"

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். பதினோரு வருடம் கண்முன் நின்றது.

பன்னிரண்டாம் நாள் உறை கழற்றப்பட்டது. உறைக் காப்பாளர் பதிவேட்டில் நேரத்தைக் குறித்து, இரண்டு கைகளாலும் உறையைத் தூக்கி, மடித்து மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். பொத்தானை அமுக்கியதும் இயந்திரம் கொஞ்சம் உறுமிவிட்டுக் கறுப்புத் திரையைக் காட்டியது. அதன் இடது மூலையில் ஏற்கனவே இருந்தது: சி, முக்காற்புள்ளி, சாய்கோடு, அம்பு.

"சார், அதுவே போட்டிருக்கே" என்றேன்.

"அது போன பேட்ச் ஆளுங்க அழிக்காம விட்டுட்டுப் போனது" என்றார் பயிற்றுநர். "கண்டுக்காதீங்க. நீங்க உங்களோடத அடிங்க."

ஒவ்வொருவருக்கும் மூன்று நிமிடம். சி, முக்காற்புள்ளி, சாய்கோடு, அம்பு, பிறகு டி, ஐ, ஆர். உள்ளே என்னென்ன கோப்புகள் இருக்கின்றன என்று காட்டச் சொல்லும் கட்டளை அது. ஒருவர் பின் ஒருவராக அடித்தார்கள். ஒவ்வொரு முறையும் இயந்திரம் ஒரே பதிலைச் சொன்னது. ஆங்கிலத்தில் ஒரு வரி. தப்பான கட்டளை என்று பொருள்.

பயிற்றுநர் அந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் பூரித்துப் போனார். "வந்துடுச்சு பாத்தீங்களா, பதில்! அடுத்த ஆள்!"

"தப்புன்னுல்ல சார் சொல்லுது?" என்று குழாய் பொருத்துபவர் மெதுவாகக் கேட்டார்.

"நம்ம துறைக்கு எந்த மனு வந்தாலும் முதல் பதில் என்ன?" என்றார் பயிற்றுநர். "தப்பா இருக்கு, திருப்பி எழுதிக் குடுன்னுதான? இயந்திரம் நம்ம நடைமுறைய நல்லாப் புடிச்சுக்கிச்சு. விடைத்தாள்லயே அப்படித்தான் இருக்கு. தப்பான கட்டளைன்னு வந்தா முழு மார்க்."

எனக்கு முன்னால் போன குழாய் பொருத்துபவர் முக்காற்புள்ளியைத் தேடியே தன் மூன்று நிமிடத்தையும் என்னுடைய இரண்டரை நிமிடத்தையும் தின்றுவிட்டார். எனக்கு மிஞ்சியது அரை நிமிடம். "சீக்கிரம், சீக்கிரம்" என்று பயிற்றுநர் விரட்டினார். அவசரத்தில் பழைய பழக்கம் முந்திக்கொண்டது. எழுதியிருப்பதன் மேல் இன்னொரு முறை எழுத என் கைக்குத் தெரியாது. அந்த நான்கு குறிகளும்தான் திரையில் இருக்கின்றனவே என்று, டி, ஐ, ஆர் மட்டும் அடித்துவிட்டேன்.

திரை ஓடியது. வரிவரியாக மேலே ஏறிக்கொண்டே போனது. பெயர்கள், தேதிகள், எண்கள். கூடத்தில் ஒரு பெண்மணி எழுந்து வாசல் பக்கம் நகர்ந்தார். பயிற்றுநர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். உறைக் காப்பாளர்தான் தைரியசாலி. ஓடிவந்து உறையை அதன் தலைமேல் போர்த்திவிட்டார்.

"என்னக்கா பண்ணீங்க?" என்றார் குழாய் பொருத்துபவர், என்னைவிட எட்டு வயது மூத்தவர்.

"டி, ஐ, ஆர்தாங்க அடிச்சேன்."

"விளிப்பு வரி?"

நான் செருப்பைத் தேடி வாசலுக்குப் போனேன்.

மறுநாள் காலை விசாரணைக் குழு கூடியது. இயக்குநர், பயிற்றுநர், தொழில்நுட்ப வல்லுநராக உறைக் காப்பாளர். என்மீதான குற்றச்சாட்டு ஒரே வரி: 'முறையான விளிப்பின்றிக் கட்டளையிட்டு, இயந்திரத்தைச் செயல்படத் தூண்டியமை.' நான் நின்றுகொண்டே இருந்தேன். உட்காரச் சொல்வது விசாரணைக்குப் பாதகமாகும் என்று ஒரு விதி இருந்ததாம்.

உறைக் காப்பாளர் முந்தைய நாளே உறையை ஓர் ஓரமாகத் தூக்கி, திரையில் இருந்ததைக் கையால் எழுதி வைத்திருந்தார். இருநூற்றுப் பதினான்கு கோப்புகள். பெயர்களைப் பார்த்தால் எல்லாம் கையேட்டில் வரும் கட்டளைகள். காட்டு, நகலெடு, அழி, பெயர் மாற்று, அவற்றின் எழுத்துப்பிழைகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே அளவு: பூஜ்யம்.

இதன் காரணம் எனக்கு அன்று ராத்திரிதான் ஒரு பழைய புத்தகத்தில் கிடைத்தது. அந்த நான்கு குறிகளும், 'நான் தயார், சொல்லுங்கள்' என்று இயந்திரம் தானாகச் சொல்வது. கையேடு எழுதியவர் திரையில் இருந்ததை அப்படியே பிரதி எடுத்திருக்கிறார், அவ்வளவுதான். அதை நாம் மறுபடி அடித்தால், அந்த அம்புக்குறிக்கு அதன் பாஷையில், 'வருகிற விடையை இந்தப் பெயரில் ஒரு கோப்பாகப் போடு' என்று பொருள். விடையே இல்லாததால் வெறுங்கோப்பு ஒன்றைப் பெயர் சூட்டி வைத்துவிட்டு, தப்பு என்று நம்மிடமும் சொல்லிவிடும். இருபத்திரண்டு வருடமாக அது இப்படிக் காலிப் பெட்டிகளாக அடுக்கியிருக்கிறது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். எங்கள் துறை அந்த ஏட்டையே சமைத்திருக்கிறது.

இயக்குநர் பட்டியலைப் படித்தார். படிக்கப் படிக்க அவர் முகம் மலர்ந்தது.

"இருநூத்திப் பதினாலு கோப்பு!" என்றார். "இந்த நிலையம் என்ன சாதிச்சிருக்குன்னு கேக்கறவங்களுக்கு இதுதான் பதில். எனக்கே தெரியாம இவ்வளவு வேலை நடந்திருக்கு."

"சார், உள்ள ஒண்ணுமில்லையே" என்றேன். "எல்லாத்துக்கும் சைபர்னு போட்டிருக்கு."

"சைபர்னா என்ன அர்த்தம்?"

"ஒண்ணுமில்லன்னு அர்த்தம் சார்."

"நிலுவை இல்லன்னு அர்த்தம். இந்தத் துறையில நிலுவையே இல்லாத ஒரு கோப்ப நீங்க பாத்திருக்கீங்களா? இங்க இருநூத்திப் பதினாலு இருக்கு." அவர் பேனாவை எடுத்தார். "இத்தனை வருஷமா இது தெரியாம காகிதத்துல வேற தனியா ஆணை அடிச்சு அனுப்பிட்டிருந்தோம். வீண். இன்னையிலேர்ந்து காகிதம் கிடையாது. இடமாறுதல் ஆணை எல்லாம் இயந்திரத்துலதான் பிறப்பிக்கப்படும்."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்று நினைத்தேன். குரங்கு அதோடு நிற்கவில்லை.

"அடுத்தது, இந்த அம்மா விஷயம். தண்டனை குடுக்கலாம்னுதான் வந்தேன். ஆனா யோசிச்சுப் பாத்தா, இயந்திரம் இவங்க பேச்சக் கேக்குது. இப்படிப்பட்டவங்கள வெளிய விட முடியுமா? இன்றியமையாத ஊழியர்னு அறிவிச்சு, இங்கயே நிரந்தரமா வச்சுக்கலாம்."

"சார், எனக்கு எட்டு மணி நேரத் தூரத்துல ஏழு வயசுப் பொண்ணு இருக்கா சார்."

"வாழ்த்துகள்" என்றார் இயக்குநர்.

அன்று சாயங்காலம் கணவரிடம் போனில் சொன்னேன். சொல்லச் சொல்ல அழுகையாக வந்தது. கோபமா துக்கமா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஒரு வேலையைச் சரியாகச் செய்ததற்காக ஒருத்தியைக் கட்டிப்போடுவார்களா?

அவர் முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "கடைக்கு ஒருத்தர் வருவாரு. உடம்புக்குப் பத்தாத அளவச் சொல்லி, அதுக்குத்தான் தைக்கணும்னு நிப்பாரு. நான் ரெண்டு தடவ சொல்வேன். மூணாவது தடவ அவரு கேட்ட மாதிரியே தச்சுக் குடுத்துருவேன். மாட்டிக்கிட்டு மூச்சு முட்ட சந்தோஷமாப் போவாரு. நீ ரெண்டு தடவ சொல்லிட்ட."

"பாப்பா எங்க?"

"பக்கத்து வீட்ல. உன் குரல் கேட்டா சாப்பிட மாட்டேங்கறா, அதான் அங்க விட்டுட்டுப் பேசறேன்."

மறுநாள் மனு கொடுத்தேன். நடந்தது தற்செயல், எனக்கு அப்படி எந்தத் திறமையும் கிடையாது, நிரூபிக்க ஒரு வாய்ப்புத் தரவேண்டும் என்று எழுதினேன். மனு முதலில் தப்பாக இருக்கிறது என்று திரும்பி வந்தது. அதையே மறுபடி கொடுத்தேன், ஏற்றுக்கொண்டார்கள்.

குழு இயந்திரத்தின் முன் உட்கார்ந்தது. பத்து முறை கட்டளையிட வேண்டும், பத்து முறையும் இயந்திரம் எனக்குக் கீழ்ப்படியாமல் இருந்தால் நான் சாதாரண ஊழியர் என்று முடிவு செய்யப்படும். நான் நாற்காலி நுனியில் உட்கார்ந்தேன். திரையில் இயந்திரம் தன் நான்கு குறிகளைப் போட்டுவிட்டு, பக்கத்தில் ஒரு சின்னக் கோட்டைச் சிமிட்டிச் சிமிட்டிக் காத்திருந்தது. எனக்கு அதன்மேல் பாவமாக இருந்தது. நான் தயார், நான் தயார் என்று இருபத்திரண்டு வருடமாகச் சொல்கிறது.

சி, முக்காற்புள்ளி, சாய்கோடு, அம்பு, டி, ஐ, ஆர். தப்பான கட்டளை.

"ஒண்ணு" என்று எண்ணினார் உறைக் காப்பாளர்.

பத்து முறை அடித்தேன். பத்தாவது முறை தப்பு என்று வந்ததும் பயிற்றுநருக்குக் கண் கலங்கிவிட்டது. இயக்குநர் எழுந்து நின்றார்.

"நான் பயந்துட்டேன்" என்றார். "இந்த நிலையத்துல ஒருத்தருக்குத் தெரிஞ்சிருக்குன்னா, மத்தவங்களுக்குத் தெரியலன்னு ஆயிடும். அது ஒரு நிர்வாகத்துக்கு நல்லதில்ல. கடவுள் புண்ணியத்துல இந்த அம்மாவும் நம்மள மாதிரிதான். நூத்துக்கு நூறு போடுங்க."

சான்றிதழ் கையில் வந்தபோது மாதம் முடிய இரண்டு நாள் இருந்தது. இடமாறுதல் ஆணை மட்டும் பாக்கி. இயக்குநரே இயந்திரத்தின் முன் உட்கார்ந்தார். காகிதமில்லாத முதல் ஆணை என்பதால் புகைப்படம் எடுத்தார்கள். ஒற்றை விரலால் விளிப்பு வரியை அடித்தார். சாய்கோட்டுக்கு உறைக் காப்பாளர் உதவினார். பிறகு என் பெயர், புதிய ஊரின் பெயர், 'இதன்மூலம் மாற்றப்படுகிறார்.'

இயந்திரம் அதையும் தப்பான கட்டளை என்றது.

"பதில் வந்துடுச்சு. ஆணை போயிடுச்சு" என்றார் இயக்குநர். "கிளம்புங்கம்மா."

எங்கே போயிற்று? இந்த இயந்திரத்துக்கும் அந்த ஊர் நிலையத்தில் இருக்கும் இதே மாதிரி இயந்திரத்துக்கும் நடுவே ஒரு கம்பிகூடக் கிடையாது. என் மாறுதல், இருநூற்றுச் சொச்சம் காலிப் பெட்டிகளோடு இன்னொரு காலிப் பெட்டியாக அந்த உறைக்குள் உட்கார்ந்திருக்கிறது. சொல்லிவிடலாமா என்று வாய் வரை வந்தது. சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். தெரியும் என்று தெரிந்தால் மறுபடி இன்றியமையாதவள் ஆகிவிடுவேன். கும்பிட்டுவிட்டு வந்து பேருந்து ஏறினேன்.

மாதத்தின் கடைசி நாள் பகல் பதினொரு மணிக்கு அந்த ஊர் நீரேற்று நிலையத்தில் போய் நின்றேன். கேட்டுக்கு வெளியே கணவரும் மகளும் இருந்தார்கள். உள்ளே விடமாட்டோம் என்று காவலாளி நிறுத்தி வைத்திருந்தார். மகள் கம்பிக்குள் கையை நுழைத்து ஆட்டினாள்.

நிலைய மேலாளர் தலை நரைத்த மனிதர். அமைதியாகப் பேசினார். "ஆணை எங்கம்மா?"

"இயந்திரத்துல பிறப்பிச்சிருக்காங்க சார். காகிதம் கிடையாதாம்."

அவருடைய அறையிலும் அதே கறுப்புத் திரை இருந்தது, வெல்வெட் உறையோடு. அவரே உறையைக் கழற்றினார். விளிப்பு வரியை அடித்து, என் பெயரை அடித்தார். தப்பான கட்டளை என்று வந்தது.

ஜன்னல் வழியாக மகளின் கை தெரிந்தது.

"அங்க என்ன பதில் வந்துச்சு?" என்று கேட்டார்.

"இதேதான் சார்."

"எழுத்துக்கு எழுத்து?"

"எழுத்துக்கு எழுத்து சார்."

அவர் திரையை இன்னொரு முறை படித்தார். "ரெண்டும் ஒத்துப்போகுது. சேர்ந்துக்கோங்க" என்று பதிவேட்டை என் பக்கம் தள்ளினார்.

நான் கையெழுத்துப் போட்டேன். போட்டு முடித்து எழுந்தபோது அவர் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"ஒரு விஷயம் கேக்கட்டுமா?" குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அந்தப் பட்டியலை வரவெச்சது நீங்கதானாமே. இங்க வரைக்கும் பேச்சு வந்துடுச்சு. எனக்கு ரிட்டயராக எட்டு மாசம் இருக்கு. பத்தொன்பது வருஷமா இது முன்னால உக்காந்திருக்கேன். எனக்கு ரொம்ப நாளா ஒரு சந்தேகம். அந்த நாலு குறிய... அடிக்காமலே விட்டா?" அவர் விசைப்பலகையை என் பக்கம் மெதுவாகத் திருப்பினார். "ஒரே ஒரு தடவ. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

அவர் கண்களில் சூது இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் சூது இல்லாதவர்கள் எழுதும் அறிக்கைகளைத்தான் இயக்குநர் முதலில் படிப்பார். மூன்றே மூன்று எழுத்து. விரல் நுனி வரை வந்துவிட்டது. அந்த மனிதர் பத்தொன்பது வருடமாகச் சரியாகத்தான் சந்தேகப்பட்டிருக்கிறார். ஆமாம் என்று அவருக்குச் சொல்ல உலகத்திலேயே நான் ஒருத்திதான் இருக்கிறேன்.

"இல்ல சார்" என்றேன். "அது வேலையே செய்யாது. நான் பத்துத் தடவ அடிச்சுப் பாத்துட்டேன்."

அவர் முகம் வாடியது. "நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு உறையை எடுத்துப் போர்த்தினார். பதினாறு வருடத்தில் நான் சொன்ன முதல் பொய்க் கணக்கு அது. அதைக் கேட்டுக்கொண்டவரும் எனக்கு ஒரு கெடுதலும் செய்யாத ஆள்.

வெளியே வந்தேன். காவலாளி கேட்டைத் திறந்ததும் மகள் ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். தூக்க முடியாத அளவுக்கு வளர்ந்திருந்தாள். ஆனாலும் தூக்கினேன்.

"அம்மா, கம்ப்யூட்டர் கத்துக்கிட்டியா?" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

"கத்துக்கிட்டேன்டா."

"எனக்கும் சொல்லிக் குடு. இப்பவே சொல்லிக் குடு!"

திரும்பிப் பார்த்தேன். மேலாளர் ஜன்னல் அருகே நின்று எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்டுக்குப் போய்ச் சொல்றேன்" என்று அவள் வாயைப் பொத்தினேன். "மெதுவாப் பேசு."